ஈறில் ரத்தமா? மாத்திரைக்கு முன்னால் கண்ணாடியைப் பாருங்கள்!

காலையில் பல் துலக்கிவிட்டுத் துப்புகிறீர்கள். வாஷ்பேசினில் லேசாகச் சிவப்பு. 'பிரஷ் குத்தியிருக்கும்' என்று குழாயைத் திறந்துவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். மறுநாளும் சிவப்பு. கொய்யாவைக் கடித்தால் கடித்த இடத்தில் சிவப்பு. வாயில் ஒரு மாதிரி வாடை வேறு. பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரோ என்று சந்தேகம். வீட்டில் மெதுவாகச் சொல்கிறீர்கள். உடனே பதில் வருகிறது: "வைட்டமின் சி குறைச்சல்தான். மெடிக்கல்ல புளிப்பு மாத்திரை கிடைக்கும், வாங்கிச் சப்புங்க. நின்னுடும்!"

நிற்குமா?

சிலருக்கு நிற்கும். ரொம்பப் பேருக்கு நிற்காது. நீங்கள் எந்தக் கட்சி என்று தெரியாமல் மாத்திரையை மட்டும் நம்பிக் காலம் தள்ளினால், போவது காசு மட்டும் இல்லை, பல்லும்தான்!

சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் தென்காசி, குற்றாலம் பக்கம் இந்தப் பேச்சு ஜாஸ்தி. சாரல் அடிக்க ஆரம்பித்ததும் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் ஊர் ஊராக ஜனம் வரும். குளித்து முடித்து ஈரத் தலையோடு கடைகளைச் சுற்றுவார்கள். மங்குஸ்தான், ரம்புட்டான், தேன் நெல்லி பாட்டில், கலர் கலராக மூலிகைப் பொடிகள்... எதை எடுத்தாலும், "இதுல ஆன்டி-ஆக்ஸிடன்ட் இருக்கு சார்" என்று ஒரு குரல். வாங்கியவர்களில் சிலர் பையும் கையுமாக என்னைப் பார்க்க வருவார்கள். "டாக்டர், இதைச் சாப்பிட்டா ஈறு சரியாயிடும்ல?"

நான் சித்த மருத்துவன். நெல்லிக்காயையும் கடுக்காயையும் குறைத்துப் பேசினால் எனக்கே அடுக்காது. ஆனாலும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் அல்லவா?

எட்டு மாத மாத்திரை

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆசிரியை வந்தார். வயது நாற்பத்து மூன்று. தினமும் 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை, எட்டு மாதமாக. ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை.

"மாத்திரைய விடாம திங்கேன்யா. ஆனா ரத்தம் நிக்க மாட்டேங்கு. இப்ப முன்பல்லு வேற ஆடுது" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. வகுப்பில் பிள்ளைகள் முன்னால் நின்று பேசுகிற வேலை. பல் போய்விடுமோ என்ற பயம்.

வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ் முன்பற்களின் உள்பக்கம் முழுக்க மஞ்சளும் பழுப்புமாகக் காரை. உப்புத் தண்ணீர் பிடிக்கிற குடத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அது மாதிரி கெட்டியாக. ஈறு சிவந்து, பளபளவென்று வீங்கி, பல்லைவிட்டு விலகியிருந்தது.

"தாயி, எட்டு மாசமா மாத்திரை வயித்துக்குப் போகுது. அழுக்கு பல்லுல இருக்கு. ரெண்டும் சந்திக்கவே இல்லையே!" என்றேன்.

பல் டாக்டரிடம் அனுப்பினேன். கூடவே ரத்தத்தில் சர்க்கரையும் பார்க்கச் சொன்னேன். பார்த்தால் சர்க்கரை எக்கச்சக்கம். அதுவரை அவருக்கே தெரியாது! பல்லைச் சுத்தம் செய்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் ரத்தம் நின்றது. ஒரு பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றவை தப்பித்தன. அந்த எட்டு மாதம் வீணாகாமல் இருந்திருந்தால் அந்த ஒன்றும் தப்பியிருக்கலாம்.

ரத்தம் ஏன் வருகிறது?

நாம் சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசுபிசுப்பான படலம் உண்டாகிறது. ப்ளேக் என்பது இதுதான். சாதாரண எச்சில் கறை என்று நினைக்காதீர்கள். கோடிக்கணக்கான கிருமிகள் குடித்தனம் நடத்துகிற காலனி அது! தினம் துலக்கினால் போய்விடும். துலக்காமல் விட்ட இடத்தில் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கல்லாகிவிடும். அதுதான் காரை. காரையாகிவிட்டால் பிரஷ்ஷுக்கும் அசையாது, பல்பொடிக்கும் அசையாது.

இந்தக் கிருமிகள் ஈறைச் சீண்டும்போது ஈறு சிவந்து வீங்குகிறது. தொட்டால் ரத்தம் வருகிறது. இது முதல் கட்டம், ஈறு அழற்சி. இந்தக் கட்டத்தில் முழுசாகச் சரிசெய்துவிடலாம். கவனிக்காமல் விட்டால் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே பை மாதிரி பள்ளம் விழும். கிருமிகள் அதற்குள் இறங்கும். பல்லைத் தாங்குகிற எலும்பு கரைய ஆரம்பிக்கும். இது இரண்டாம் கட்டம். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வராது. இத்தனைக்கும் பெரும்பாலும் வலியே இருக்காது. அதனால்தான் பல் ஆடும்வரை யாரும் டாக்டரைத் தேடுவதில்லை.

'அழுக்குதான் காரணம் என்று எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள்?' என்று கேட்கலாம். 1965-ல் டென்மார்க்கில் ஹரால்டு லோ என்ற பல் மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேரை, 'பல்லே துலக்காதீர்கள்' என்று சொல்லிவிட்டார். பத்திலிருந்து இருபத்தொரு நாளுக்குள் பன்னிரண்டு பேருக்குமே ஈறு அழற்சி! திரும்பவும் துலக்க ஆரம்பித்ததும் அத்தனை பேருக்கும் ஈறு பழையபடி ஆனது. மருந்து கிடையாது, மாத்திரை கிடையாது. சுத்தம் மட்டும்தான்.

அப்படியானால் வைட்டமின் சி பேர் வாங்கியது எப்படி?

அதற்கும் ஒரு நிஜமான கதை உண்டு. அந்தக் காலக் கப்பல் மாலுமிகள் மாதக் கணக்கில் பச்சைக் காய்கறி, பழம் எதுவும் கண்ணில் காணாமல் கடலில் கிடப்பார்கள். ஈறு பஞ்சு மாதிரி உப்பி, ரத்தம் கசிந்து, பல் கொட்டி, கடைசியில் உயிரும் போகும். அந்த வியாதிக்குப் பேர் ஸ்கர்வி. 1747-ல் சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க் கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற டாக்டர், ஸ்கர்வி வந்த 12 பேரை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான வைத்தியம் கொடுத்துப் பார்த்தார். தினமும் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும் சாப்பிட்ட ஜோடிதான் மளமளவென்று தேறியது. அதில் ஒருவர் ஆறே நாளில் வேலைக்குத் திரும்பிவிட்டார்! எங்கள் புளியங்குடிச் சந்தையில் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற எலுமிச்சைதான் அன்றைக்கு அவர்களுக்கு அமிர்தம்.

அந்தப் பழத்துக்குள் இருந்தது வைட்டமின் சி என்று உலகத்துக்குத் தெரிய இன்னும் ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆனது. அந்தப் பொருளைப் பிரித்தெடுத்த ஹங்கேரிக்காரர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜிக்கு 1937-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஈறு, தோல், ரத்தக் குழாயின் சுவர் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டி வைத்திருப்பது கொலாஜன் என்ற நார்ப் புரதம். வைட்டமின் சி இல்லாமல் அந்த நார் முறுக்கேறாது. கயிறு நைந்தால் கட்டில் தொய்கிற மாதிரி ஈறு தொய்ந்து ரத்தம் கசியும்.

ஆனால் ஸ்கர்வி வருவதற்கு எவ்வளவு பட்டினி வேண்டும் தெரியுமா? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் தாங்களாக முன்வந்த 20 பேரை வைத்துச் சோதித்தார்கள். வைட்டமின் சி அடியோடு நிறுத்தப்பட்டவர்களுக்குக்கூட ஈறு கெட அரை வருஷத்துக்கு மேல் ஆனது. ஒரு நாளைக்கு வெறும் 10 மில்லிகிராம் கிடைத்தவர்களுக்கு ஸ்கர்வி வரவே இல்லை! சட்னியும் ரசமும், ஒரு கீரையும், எப்போதாவது ஒரு பழமும் சாப்பிடுகிற வீட்டில் அசல் ஸ்கர்வி அபூர்வம். சாதமும் ஊறுகாயுமே கதி என்று தனியாக இருக்கும் முதியவர், தினமும் குடிப்பவர், 'எனக்குக் காயே பிடிக்காது' என்று அடம்பிடிக்கிற பிள்ளை... இவர்களுக்கு வரலாம். ஆரம்பத்தில் சொன்னேனே, மாத்திரையில் ரத்தம் நிற்கிற கட்சி, அது இவர்கள்தான்.

ஆன்டி-ஆக்ஸிடன்ட்: அதென்ன?

வெட்டி வைத்த ஆப்பிள் பழுப்பாகிறது, இரும்பு துருப்பிடிக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் செய்கிற வேலை. நம் உடம்புக்குள்ளும் இதே மாதிரி நடக்கும். ஈறில் கிருமி புகுந்ததும் வெள்ளை அணுக்கள் சண்டைக்குக் கிளம்புகின்றன. அவை வீசுகிற குண்டு, வீரியமுள்ள ஒருவகை ஆக்சிஜன். கிருமி சாகும்தான். ஆனால் சண்டை ஓயாமல் நடந்தால், பக்கத்திலிருக்கும் நம்முடைய ஈறுத் தசையும் எலும்பும் சேர்ந்தே சேதமாகும். இந்தச் சேதத்தைத் தணிக்கிறவைதான் ஆன்டி-ஆக்ஸிடன்டுகள். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, கேரட்டின் பீட்டா கரோட்டின், தக்காளியின் லைகோபீன் எல்லாம் இந்த ஜாதி.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. அதே ஹரால்டு லோ குழுவினர் 1970-லிருந்து பதினைந்து வருஷம் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 480 பேரின் வாயைத் தொடர்ந்து பார்த்துவந்தார்கள். பல் வைத்தியமே கிடைக்காத ஜனங்கள். எல்லார் பல்லிலும் ஏறக்குறைய ஒரே அளவு அழுக்கு, காரை. அப்படியும் 100-க்கு 8 பேருக்கு நோய் வேகமாகப் பரவிப் பல் போனது. 81 பேருக்கு நிதானமாக முற்றியது. 11 பேருக்கு ஈறு சிவந்ததோடு சரி, மேலே போகவே இல்லை!

ஆக, அழுக்கு ஒன்றாக இருந்தாலும் உடம்பு அதை எதிர்கொள்கிற விதம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. சாப்பாடு, சர்க்கரை நோய், புகைப் பழக்கம், பரம்பரை எல்லாம் அங்கேதான் வேலை செய்கின்றன. சித்த மருத்துவத்தில் நாங்கள் ஒரே நோயை ஒவ்வொருவர் தேகத்துக்கும் தக்கபடி பார்ப்பதும் இதனால்தான்.

மாத்திரையைச் சோதித்தபோது...

அமெரிக்காவில் 12,419 பேரை வைத்து ஒரு கணக்குப் பார்த்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். உணவில் வைட்டமின் சி குறைவாக இருந்தவர்களுக்கு ஈறு நோய் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. புகைபிடிப்பவர்களிடம் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. குறைவாகச் சாப்பிடக் கூடாது என்பது சரி. கூடுதலாகச் சாப்பிட்டால்?

அமெரிக்காவிலேயே 1986-ல் 11 ஆண்களுக்கு வைட்டமின் சி-யைக் குறைத்தும் கூட்டியும் பார்த்தார்கள். குறைத்தால் ரத்தக் கசிவு கூடியது. கூட்டினால் கசிவு குறைந்தது. ஆனால் பல்லில் சேரும் அழுக்கோ, ஈறின் பள்ளமோ எதிலுமே மாறவில்லை.

2010-ல் சிரியாவில், நோய் முற்றிய நிலையிலிருந்த நோயாளிகளுக்குப் பல்லைச் சுத்தம் செய்துவிட்டு, ஒரு பகுதியினருக்கு மட்டும் தினமும் 2,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் கொடுத்தார்கள். சுத்தம் செய்ததால் எல்லாருக்குமே குணம் தெரிந்தது. மாத்திரையால் கூடுதல் லாபம் எதுவும் இல்லை!

நம் இந்தியப் பல் மருத்துவர்களும் 2007-ல் 20 பேரிடம் லைகோபீனைச் சோதித்தார்கள். தினம் 8 மில்லிகிராம், இரண்டு வாரம். கெட்டிக்காரத்தனமாக ஒரே வாயில் பாதியைச் சுத்தம் செய்து, மறுபாதியைச் செய்யாமல் விட்டார்கள். லைகோபீன் பலன் தந்தது. ஆனால் எந்தப் பக்கம் சுத்தமும் லைகோபீனும் சேர்ந்ததோ, அந்தப் பக்கம்தான் ஈறு நன்றாகத் தேறியது.

இவற்றிலிருந்து தெரிவது ஒன்றுதான். முதலில் சுத்தம். அதற்குத் துணை சாப்பாடு. களை எடுக்காத வயலில் உரம் போட்டு என்ன பிரயோஜனம்?

மாத்திரை விஷயத்தில் ஜாக்கிரதை!

'நல்லது செய்யாவிட்டாலும் கெட்டது செய்யாதே?' என்பீர்கள். செய்யும்!

வைட்டமின் ஈ மாத்திரையும், இதயத்துக்காகச் சாப்பிடுகிற ஆஸ்பிரினும் சேர்ந்தால் ஈறில் ரத்தம் கூடுகிறது. பின்லாந்தில் 1998-ல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது. தினம் 50 மில்லிகிராம் வைட்டமின் ஈ-யே இதற்குப் போதுமாக இருந்தது. ரத்தத்தை நிறுத்த மாத்திரை போட்டு, ரத்தத்தை அதிகமாக்கிக்கொள்வதா?

அதே பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 1994-ல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல்! கேரட் பயமில்லாமல் சாப்பிடலாம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு அந்த மாத்திரை வேண்டாம்.

வைட்டமின் சி மாத்திரை சாப்பிட்ட ஆண்களுக்கு சிறுநீரகக் கல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று ஸ்வீடனில் 2013-ல் கண்டார்கள். ஏற்கெனவே கல் வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம். இன்னொன்று: புளிப்பு மாத்திரையை மிட்டாய் மாதிரி வாயில் அடக்கிக்கொள்வதும், எலுமிச்சைத் தோலால் பல்லைத் தேய்ப்பதும் பல்லின் எனாமலை அரித்துவிடும். எலுமிச்சை சர்பத்தைக் குடியுங்கள், பல்லில் தேய்க்காதீர்கள்.

ஒரு கொய்யா போதுமே!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொன்ன கணக்குப்படி ஒரு நாளைக்கு ஆணுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு 115.

* கொய்யா: 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல். அரைப் பழத்திலேயே அன்றைய கணக்கு முடிந்தது.
* நெல்லிக்காய்: அதைவிடவும் கூடுதல். பெரிய காயாக ஒன்று போதும்.
* முருங்கைக் கீரை: பச்சையாக 100 கிராமில் 100-க்கு மேல். வேகும்போது பாதிக்கு மேல் போய்விடும். அதனால் அதிக நேரம் வதக்காதீர்கள்.
* ஆரஞ்சு, எலுமிச்சை: 100 கிராமில் 40-லிருந்து 50 வரை.

மங்குஸ்தான்? குற்றாலத்துக்கு வந்தவர்கள் அவசியம் ருசிக்க வேண்டிய பழம். ஆனால் அதன் வெள்ளைச் சுளையில் வைட்டமின் சி ரொம்பக் குறைவு. ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்தச் சத்துக்கள் மிகுதியாக இருப்பது நாம் உரித்து எறிகிற கசப்புத் தோலில்! ருசிக்கு மங்குஸ்தான் வாங்குங்கள். ஈறுக்கு என்றால் பக்கத்துத் தள்ளுவண்டியில் இருக்கும் கொய்யாவே மேல். தேன் நெல்லியும் அப்படித்தான். வாயில் ஒட்டிக்கொள்ளும் இனிப்பு கிருமிக்குத்தான் விருந்து. சர்க்கரை நோயாளிகளுக்கு அறவே வேண்டாம். பச்சை நெல்லிக்காயை உப்புத் தொட்டுக் கடியுங்கள். சாப்பிட்ட பின் வாயைக் கொப்பளியுங்கள்.

சித்த மருத்துவம் எந்த அளவுக்கு உதவும்?

ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் பல்லுக்குச் சொன்ன பழமொழி தெரியாத வீடு உண்டா? இரண்டுமே துவர்ப்பு. துவர்ப்பு ஈறை இறுக்கும், கசிவைக் குறைக்கும். கருவேலம்பட்டைக் கஷாயம் இளஞ்சூட்டில் வாய் கொப்பளிக்க நல்லது. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்த திரிபலா சூரணத்தை ஒரு டீஸ்பூன் எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி, காலை மாலை கொப்பளிக்கலாம். திரிபலா கொப்பளிப்பு ப்ளேக்கைக் குறைக்கிறது என்று நம் நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளின் ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. நல்லெண்ணெய் கொப்பளிப்பதும் அப்படியே. வெறும் வயிற்றில் ஒரு டேபிள் ஸ்பூன், பத்து நிமிஷம். விழுங்காமல் துப்பிவிட வேண்டும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் எந்த வீட்டிலும் உண்டு.

இவை எதுவும் கெட்டியான காரையைப் பெயர்க்காது. அதற்குக் கருவிதான் வேண்டும். 'ஈறு இறுகிவிட்டது, ரத்தம் நின்றுவிட்டது' என்று சந்தோஷப்படுகிற நேரத்தில் அடியில் எலும்பு கரைந்துகொண்டிருக்கக் கூடும். அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் பல் டாக்டர், பிறகு கொப்பளிப்பு.

செங்கல் தூள், அடுப்புக் கரி, பரபரவென்று இருக்கும் உப்புத் தூள் இவற்றால் பல்லைத் தேய்க்காதீர்கள். எனாமல் தேய்ந்து கூச்சம் வரும். புகையிலை கலந்த பல்பொடியை மத்திய அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது. பேர் தெரியாத பொடியைத் தேய்த்ததும் லேசாகக் கிறுகிறுத்தால் சந்தேகப்படுங்கள்.

பீடி பிடிப்பவருக்கு ஓர் எச்சரிக்கை

எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு தட்டில் பீடி சுற்றுவார்கள். அதைப் பிடிக்கும் அண்ணாச்சிமாரிடம் ஈறைப் பற்றிக் கேட்டால், "எனக்கு ரத்தமே வர்றதில்லையே!" என்று பெருமையாகச் சொல்வார்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது. புகை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடுகிறது. அதனால் நோய் இருந்தாலும் ரத்தம் எட்டிப் பார்ப்பதில்லை. மணி அடிக்காததால் திருடன் வரவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. கூடவே, புகை உடம்பிலுள்ள வைட்டமின் சி-யையும் தின்று தீர்க்கிறது. இவர்கள் ரத்தம் வந்தாலும் வராவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பல்லைக் காட்ட வேண்டும்.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடுமா?

எல்லாரும் கேட்கிற கேள்வி. சுத்தம் செய்த பிறகு பல்லுக்கு நடுவே சந்து தெரியும், கொஞ்சம் கூசும், சிலருக்கு லேசாக ஆடுகிற மாதிரியும் இருக்கும். உடனே 'டாக்டர் சுரண்டிக் கெடுத்துவிட்டார்' என்ற புகார். ஏற்கெனவே எலும்பு கரைந்த பல்லைக் காரைதான் சிமெண்ட் மாதிரி ஒட்டிப் பிடித்திருந்தது. வீங்கிய ஈறுதான் சந்தை மறைத்திருந்தது. இரண்டும் விலகியதும் உண்மை வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். சில வாரங்களில் ஈறு வற்றி இறுகும். செலவுக்கு யோசிப்பவர்கள் மாவட்ட, தாலுகா அரசு ஆஸ்பத்திரிகளின் பல் பிரிவுக்குப் போகலாம்.

சர்க்கரைக்கும் ஈறுக்கும் சம்பந்தம்

சர்க்கரை கூடினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுப்பட மறுக்கும். மாமியார் மருமகள் சண்டை மாதிரி ஒன்று மற்றதைக் கிளறிவிடும்! ஈறு நோய்க்கு முறையாக வைத்தியம் செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று, நான்கு மாதத்தில் எச்.பி.ஏ.1.சி அளவு சுமார் 0.4 குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சின்ன எண்தான். ஆனால் பல்லைச் சுத்தம் செய்ததற்குக் கிடைத்த கொசுறு அல்லவா?

கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும். 'வாயும் வயிறுமாக இருக்கும்போது பல் வைத்தியமா?' என்று பாட்டிமார் பயமுறுத்துவார்கள். பயப்படாமல் பல் டாக்டரிடம் போய், கர்ப்பமாக இருப்பதைச் சொல்லிவிட்டுச் சுத்தம் செய்துகொள்ளலாம். பி.பி.க்கு அம்லோடிபின், வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடும் சிலருக்கு ஈறு தடித்து வளர்வதும் உண்டு. அவர்கள் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தாமல், கொடுத்த டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

தினசரி செய்ய வேண்டியவை

* காலையிலும், ராத்திரி படுக்கப் போகும் முன்னும் இரண்டு நிமிஷம் துலக்குங்கள். ராத்திரித் துலக்கல் ரொம்ப முக்கியம்.
* மிருதுவான பிரஷ். பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சாய்வாக வைத்து மெதுவாக ஆட்டுங்கள். பாத்திரம் துலக்குகிற வேகம் வேண்டாம்.
* ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் துலக்காமல் விடாதீர்கள். அங்கேதான் அழுக்கு இருக்கிறது!
* பல் இடுக்குக்கு நூல் அல்லது இடுக்குப் பிரஷ். குண்டூசி, ஹேர்பின் கூடவே கூடாது.
* தினம் ஒரு கொய்யா அல்லது நெல்லிக்காய், ஒரு கீரை, ஒரு காய்.
* வாரம் ஒரு தடவை வெளிச்சத்தில் கண்ணாடி பிடித்து, உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஒரே சீரான நிறத்தில் பல்லை ஒட்டி இறுக்கமாக இருந்தால் நல்லது. சிவந்து உப்பியிருந்தால் கவனம்.

உடனே டாக்டரைப் பார்க்க வேண்டியது எப்போது?

நன்றாகத் துலக்கியும் இரண்டு வாரத்துக்கு மேல் ரத்தம் வந்தால், பல் ஆடினால், சீழ் தெரிந்தால் பல் டாக்டரிடம் போங்கள். ஈறில் ரத்தத்தோடு காய்ச்சல், உடம்பில் சிவப்புப் புள்ளி, அடிபடாமலே நீலத் தடிப்பு, மூக்கில் ரத்தம், அசாத்தியக் களைப்பு இவற்றில் ஏதாவது இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். டெங்குவாக இருக்கலாம். அபூர்வமாக ரத்தப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் நெல்லிக்காயும் கஷாயமும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஆபத்து.

மற்றபடி, கொய்யாவும் நெல்லியும் உங்கள் ஈறுக்கு நல்ல நண்பர்கள்தான். பிரஷ் செய்ய வேண்டிய வேலையையும், பல் டாக்டர் செய்ய வேண்டிய வேலையையும் அவற்றின் தலையில் கட்டாதீர்கள். இன்றைக்கு ராத்திரி துலக்கும்போது துப்புவதற்கு முன் ஒரு நிமிஷம் கண்ணாடியைப் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் நாளைக்கே ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள்!